நாலு அடிக்குள் அடங்காத சொல்

எங்கள் ஊரில் டிஸ்கோ என்றால் திருவிழாவில் சுற்றுகிற கலர் லைட். டிஸ்கோ சாயலில் டீப் ஹவுஸ் என்கிற நடன இசை செய்கிறேன் என்று சொன்னால், "லைட்டும் நீயே கொண்டாருவியா கண்ணு?" என்று கேட்கிறார்கள். மூன்று வருஷமாகப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. பெங்களூர் வேலையை விட்டுவிட்டுக் கொல்லிமலைக்குத் திரும்பி வந்து, கம்ப்யூட்டர் முன்னால் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கௌசிகா என்றால் எல்லோருக்கும் ஒரு இளிப்பு. இளிக்கட்டும்.

அப்பா தேவராஜ் மட்டும் சிரிக்கவில்லை. கெடு வைத்தார். "தை மாசத்துக்குள்ள உம்பட பாட்டு ஒண்ணு வெளிய வரோணும். அத நாலு பேரு கேக்கோணும். இல்லீன்னா நாமக்கல்ல அந்த ஆபீஸ் வேலைக்குப் போயிரு கண்ணு. இதுக்கு மேல என்னால முடியாது."

கெடுவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் அந்தக் குரல் கிடைத்தது. நான் மைக்கைத் திறந்துவைத்து மழைச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்து அம்சவேணி அத்தை, மிளகை மூடத் தார்ப்பாய் கேட்டு வந்தவர், வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, "போயிட்டு வாரேன் கண்ணு" என்றார். ஹெட்போனில் அதைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடேயப்பா, என்ன குரல்! பேசினாலே பாதி பாட்டு.

டீப் ஹவுஸுக்கு நாலு நாலு அடியாகத் தாளம் இடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன்மேல் ஒரு துண்டுக் குரல் திரும்பத் திரும்ப ஓடும். அத்தையின் "போயிட்டு" நாலு அடிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. "வாரேன்" உட்காரவில்லை. அத்தை அதை இழுத்துச் சொல்லியிருந்தார், வால் அடுத்த அடியில் போய் முட்டியது. வெட்டி எறிந்தேன். பாட்டு முடிந்ததும், பாட்டு வெளியிடும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு, லேபிள் என்பார்கள், அனுப்பினேன். எட்டே நாளில் பதில் வந்தது: வரும் வெள்ளிக்கிழமை வெளியீடு, அந்தக் குரல்தான் பாட்டுக்கு உயிர். அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன.

வந்த ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, அத்தை வீட்டுக்கு ஓடினேன். ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். முதலில் சிரித்தார். தலையைக்கூட ஆட்டினார். அப்புறம் முகம் செத்துவிட்டது.

"வாரேன் எங்க கண்ணு?"

"அது நீளமா இருந்துச்சுங்கத்த. எடுத்துட்டேன்."

"போயிட்டு, போயிட்டுன்னே சொல்லுது. வாரேன்னு சொல்லவே மாட்டீங்குதே."

எனக்கு இது முன்னாடியே உறைத்திருக்க வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்பு அத்தையின் புருஷன் காளியண்ணன் சண்டை போட்டுவிட்டு, "போறேன்" என்று மட்டும் சொல்லி, அடிவாரத்துப் புளியஞ்சோலை ஊர்ப் பக்கமாக மலையிறங்கிப் போனார். இருக்கிறாரா செத்தாரா, இன்றுவரை தெரியாது. அதிலிருந்து அத்தை வீட்டுக்கு வருகிறவர்கள் "வாரேன்" சொல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரை ரோடு வரைக்கும் துரத்திப் போய்ச் சொல்ல வைத்தவர். ஒரே மகன் சதீஷ்குமார் லாரி ஓட்டுகிறான், அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் ஏறி இறங்குகிறான்.

"எம்பட வாயே இப்படி ஊரு ஒலகமெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா எம்பையனுக்கு ஆவுமா சாமி? அந்த ஒரு வார்த்தையச் சேர்த்துரு. பாட்டு கெட்டாக் கெட்டுட்டுப் போவுது."

பாட்டு கெட்டால் கெட்டுவிட்டுப் போகிறதாம்! எனக்குச் சுருக்கென்று வந்தது. இருந்தாலும் லேபிளுக்கு எழுதினேன். இரண்டு வரியில் பதில்: இனி மாற்ற நேரமில்லை. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் வெளியீட்டை ரத்து செய்துவிடலாம்.

நாமக்கல் ஆபீஸின் நாற்காலி கண்முன் வந்து நின்றது. ஒரு சொல்தானே, அதுவும் மூடநம்பிக்கைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செய்தது கேவலம், மழுப்பப் போவதில்லை. அத்தைக்கென்று தனியாக ஒன்று செய்தேன். அதில் "வாரேன்" இருந்தது, தாளம் நொண்டியது. அதைப் போட்டுக் காட்டினேன்.

"இதுதான் வெளிய வருதா?"

"ஆமாங்கத்த."

என் இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தார்.

வெள்ளிக்கிழமை வெட்டிய பாட்டு வெளியானது. முதல் வாரத்தில் அறுபத்துமூன்று தடவை கேட்கப்பட்டிருந்தது. அதில் இருபது தடவை நானே கேட்டது. அடுத்த பாட்டு எங்களுக்குத் தேவைப்படாது என்று லேபிள் நாகரிகமாகக் கைகழுவியது. அப்பா நாமக்கல்லுக்குப் போன் போட்டு, எந்தத் தேதியில் சேர வேண்டும் என்று கேட்டார்.

கேட்டவர்களில் சதீஷ்குமாரும் ஒருவன். அம்மா குரல் பாட்டில் வந்திருக்கிறதென்று பெருமை தாங்காமல் செல்போனில் தேடிப் பிடித்திருக்கிறான். சந்தை கூடும் சோளக்காடு ஊரில் லாரியை நிறுத்தி, மிளகு விற்க வந்திருந்த அத்தைக்குச் சத்தமாகப் போட்டுக் காட்டியிருக்கிறான். அத்தை மிளகு மூட்டையை அப்படியே விட்டுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை.

"எடுத்துரு கண்ணு" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

லேபிளுக்குக் கெஞ்சி எழுதினேன். ஒப்பந்தத்தைப் படிக்கச் சொன்னார்கள். அப்போதுதான் படித்தேன். மூன்றாம் நாள் அத்தை வீட்டுக்குப் போனேன். முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டியா?"

"முடியாதுன்னு சொல்லிட்டாங்கத்த. அஞ்சு வருசத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

முறம் நின்றது.

"அதுக்குள்ள நான் கண்ண மூடிட்டா, எம்பையங்கிட்ட எங்குரல்னு அது ஒண்ணுதான கண்ணு மிஞ்சும்?"

"இல்லீங்கத்த, அந்த இன்னொரு பாட்டு எம்போன்ல இருக்குது. அத சதீஷுக்கு இப்பவே அனுப்பீறேன். சத்தியமாங்கத்த."

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"நீ சொன்னா இனி எப்படி கண்ணு நம்பறது?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் புடைக்கத் தொடங்கினார்.