திருடச் சொன்ன கிளை

காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்பாள். அதற்கு முன் ஆலிஸின் முழங்காலை விசாரிப்பாள்.

"முட்டி வலி எப்படிக்கா இருக்கு?" என்றாள் நிக்கோல். மாதா கோயில் பாடகர் குழுவில் ஆலிஸுக்கு அடுத்து நிற்பவள்.

"இருக்கு" என்றாள் ஆலிஸ்.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில், நாலாம் மாடிக் கம்பியோரமாக அவளுடைய பாலைவன ரோஜாக்கள் அடிபருத்து நின்றன. வறண்ட சீமையில் பிறந்த செடிக்குப் பினாங்கு மழை ஆகாது, வேர் அழுகிவிடும். மேகம் கறுத்தால் தொட்டிகளை உள்ளே இழுப்பதே அவளுக்கு வேலை. கடைசித் தொட்டியில் இருந்தது அவளே உண்டாக்கியது. இரண்டு செடிகளின் மகரந்தத்தைத் தூரிகையால் சேர்த்து, விதை எடுத்துப் போட்டு, மூன்றாம் வருஷம் பூத்தது. வெள்ளை இதழ், கறுத்த ஊதா விளிம்பு. அதற்குப் பெயர் வைக்கக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

போன வருஷம் நிக்கோல், வேறு செடியில் ஒட்டுக்கட்ட அதிலிருந்து ஒரு கிளை கேட்டாள். கேட்டு வாங்கினால் தழைக்காது, திருடினால்தான் பிடிக்கும் என்பார்கள். "திருடிக்கோ" என்று சிரித்தபடி ஆலிஸ் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

இன்று காலை வாட்ஸ்அப்பில் யாரோ படம் அனுப்பியிருந்தார்கள். பட்டர்வொர்த் மலர்க் கண்காட்சியில் அதே பூ. அட்டையில் 'நிக்கோல் பியூட்டி. விதையிலிருந்து உருவாக்கியவர்: நிக்கோல், சிம்பாங் அம்பாட்' என்றிருந்தது.

"அக்கா, இது ஒட்டுச்செடி, விதையிலருந்து வந்த தாய்ச்செடியக் கொண்டாந்து காட்டுன்னு நடுவருங்க கேக்குறாங்க. ஒரு நாளைக்கு மட்டும்லா. ஏத்திட்டுப் போக காடி கீழதான் நிக்குது."

"யாரு செடின்னு சொல்லுவே?"

நிக்கோல் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "எழுதிக் குடுத்துட்டேனேக்கா. நீங்க எந்தப் போட்டிக்குப் போகப் போறீங்க? இங்க கிடந்தா யாரு பாப்பா? திருடிக்கோன்னு நீங்கதானே சொன்னீங்க."

சொன்னது உண்மைதான். முதுகைக் காட்டி நின்றது இவளை நம்பி. அந்த முதுகையே இப்போது சாட்சிக்கு இழுக்கிறாள். ஒட்டு பிடித்துவிட்டது என்று இவள் சொன்ன அன்று, சொந்தப் பிள்ளை பிழைத்ததுபோல் மகிழ்ந்து, உரம் வாங்கி அனுப்பியதை நினைத்தாள். ஆலிஸுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

நிக்கோல் எழுந்து போய்க் கடைசித் தொட்டியின் விளிம்பைப் பிடித்தாள். ஆலிஸ் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"இது எங்கேயும் வராதும்மா" என்றாள்.