பழுதாக வேண்டிய மைக்ராஸ்கோப்

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, ஆறு ஆய்வுக்குழுக்களுக்குப் பொதுவான அந்தப் பழைய லேசர் மைக்ராஸ்கோப்பை டெக்னீஷியன் ஒருவழியாக ஓடவைத்துவிட்டாள். லேசரைக் குளிர்விக்கும் விசிறிக்குப் போகும் ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். திரையில் செல்கள் பச்சையாய் மின்னியபோது வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

ஆய்வுக்கூடத் தலைவர் எட்டிப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"உன்ன யாரும்மா இதுல கை வைக்கச் சொன்னது? நாளைக்கு மானியக் குழு வருது. பழசு ஓடுச்சுன்னா புதுசுக்கு எவன் காசு தருவான்?"

"நல்லா ஓடுது சார். பசங்க ரெண்டு மாசமா காத்துக்கிட்டு இருக்காங்க."

"இன்னும் ரெண்டு மாசம் காத்துக்கட்டும். அந்த ஒயரக் கழட்டிடு."

கழற்றினாள். சரிசெய்தவள் கையாலேயே கெடுக்கவைத்தால்தான் அவருக்குத் திருப்தி போலும்.

மறுநாள் குழுவினர் இருண்ட திரையைச் சுற்றி நின்று, இழவு வீட்டுக்கு வந்தவர்கள் போல உச்சுக்கொட்டினார்கள். தலைவர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார்.

அவர்கள் டீ குடிக்கப் போனதும், மானிய விண்ணப்பத்தின் கடைசித் தாளை அவள் முன்னால் நீட்டினார் தலைவர்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு. நேரமாச்சு."

பழுதை ஏன் சரிசெய்ய முடியவில்லை என்ற கேள்விக்கு எதிரே, அவரே குண்டு குண்டாக எழுதியிருந்தார்: 'இங்குள்ள டெக்னீஷியனுக்கு இந்த வேலை தெரியாது.'