கறுப்புக்கு நடுவே ஒரு நீலப் பட்டை

அரைவிலைக்காரர் பேரம் பேசவில்லை. கத்திரிக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அந்தத் தரகருக்கு ஊரில் வேறு பெயர் கிடையாது. எதைச் சொன்னாலும் பாதியில்தான் ஆரம்பிப்பார். பல் பிடுங்கப் போன இடத்திலும், "பாதி வலி இன்னும் இருக்கே, பாதிக் காசு போதாதா?" என்று கேட்டவர் என்பார்கள். வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் வீட்டில் செய்து தரும் ஹேர்பேண்டில் பூ சிறுத்துவிட்டது, க்ளிப்பில் பசை வழிகிறது, அடுத்த தெருவில் இதைவிட மலிவு என்று ஒரு பாட்டம் புலம்பிவிட்டுத்தான் காரியத்துக்கு வருவார். அன்று காலை வாசலிலேயே நின்றார்.

"நெஞ்சுல குத்துற பேட்ஜ். கறுப்பு. இந்த ரிப்பன் தீர்ற வரைக்கும் செய். சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன். ரேட்டு சொல்லு."

கத்திரி வாய்க்கு வந்ததைச் சொன்னாள். கத்திரி என்பது அவள் நாக்குக்கும் கையிலிருக்கும் கருவிக்கும் சேர்த்து ஊர் வைத்த பட்டப்பெயர்.

"சரி" என்றார்.

குறைத்துக் கேட்டுவிட்டோமே! "அவசர வேலைக்குத் தனி, அண்ணே" என்று மேலே ஏற்றினாள். அதற்கும் சரி என்றார்.

"என்னண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன? கொடுக்கறவன் கம்பெனிக்காரன்." பையிலிருந்து சுருள்களை எடுத்து வைத்தார். கறுப்பு சாட்டின். கூடவே நடுவில் வைத்துத் தைக்க ஒல்லியான நீலப் பட்டை.

அந்த நீலத்தை அவளுக்குத் தெரியும். கப்பல் கம்பெனியின் நீலம். அவள் அண்ணனுடைய சட்டைக் காலரில் இருக்கும் நீலம்.

"காணாம போன அந்தக் கப்பலுக்கா?" என்றாள்.

அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார். "வெளிய விட்டுடாதே. தேடறதை நிறுத்திட்டாங்களாம். உடைஞ்ச பலகையும் ரெண்டு மிதவையும்தான் கிடைச்சுதாம். ஒருத்தனும் மிஞ்சலையாம், பாவம். நாளைக்கு அறிவிக்கறாங்க. பெரிய ஆளுங்க எல்லாம் குத்திக்கிட்டு நிக்கணுமில்ல?"

அந்தக் கப்பலின் சமையல்காரன் இவளுடைய அண்ணன் என்பது அவருக்குத் தெரியாது. ஆர்டர் பிடிக்கிற வாசலில் வீட்டுக் கஷ்டத்தைப் பேசினால் தரகன் விலையில் இன்னும் ரெண்டு படி கீழே இறங்குவான் என்று, குடும்பக் கதைக்கே தடை போட்டு வைத்திருந்தவள் கத்திரிதான்.

"யாருக்குப் பேட்ஜ்?" முடியை முடிந்துகொண்டே உள்ளறையிலிருந்து அண்ணி வந்தாள். தரகர் வாயைத் திறந்தார்.

"ஏதோ காலேஜ் நாடகமாம், அண்ணி. அவருக்கு நேரமாச்சு, கிளம்பட்டும்." சொல்லிக்கொண்டே கத்திரி கதவைச் சாத்தினாள்.

ஆர்டரைத் திருப்பியிருக்கலாம். ஆனால் வந்த வேலையைத் திருப்பியது அந்த வீட்டுச் சரித்திரத்திலேயே இல்லை. ஏன் என்று அண்ணி கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து மேசையில் சுருளை விரித்தாள்.

கத்திரி நறுக்கித் தள்ளினாள். நூல் பிரியாமலிருக்க ஒவ்வொரு முனையையும் மெழுகுவத்திச் சுடரில் காட்டி இழுப்பது அண்ணியின் வேலை. சுடரில் படவும் கூடாது, விலகவும் கூடாது. கறுப்புத் துண்டுகள் அவள் மடியில் குவிந்தன.

"காலைல போன் போட்டேன். இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கோம்னு கம்பெனிப் பொண்ணு சொல்லுச்சு. நல்ல பொண்ணு. குரலே தெம்பா இருக்கு."

"ம்."

"உங்க அண்ணனுக்கு நீச்சல் தெரியாதுதான். ஆனா அந்தத் தொப்பை இருக்கே, அதுவே மிதக்கும்."

அண்ணி சிரித்தாள். கத்திரியும் சிரிக்க வேண்டியிருந்தது.

எல்லா முனைகளையும் சுட்டு முடித்து, மடித்துத் தைத்து, பின்னால் ஊக்கு ஒட்டி முதல் பேட்ஜ் உருவானபோது மதியம் தாண்டிவிட்டது. புது மாதிரி எதுவானாலும் யாராவது ஒருத்தி போட்டுப் பார்க்காமல் அடுத்ததில் கை வைக்க மாட்டார்கள். அண்ணி அதை நெஞ்சில் குத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள்.

"பாரு, கனத்துல சாயுதா?"

கத்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு மேசையில் நூலைத் தேடினாள்.

"ஏய், உன்னைத்தான். ஊக்கை மேல ஏத்தணுமா?"

"கழட்டுங்க அண்ணி."

"நேராத்தானே நிக்குது?"

"கழட்டுங்கன்றேன்ல!" பாய்ந்து இழுத்தாள். தையல் விட்டு, பேட்ஜ் பாதி அவள் கையோடு வந்தது. மீதி அண்ணியின் புடவையில் தொங்கியது, நீலப் பட்டையோடு.

அண்ணி அந்தப் பட்டையைத் தடவினாள். அந்தச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்ட கை அது.

"இது காலேஜ் இல்ல" என்றாள்.

கத்திரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பலகை, மிதவை, நிறுத்திய தேடல், நாளைய அறிவிப்பு. சொல்லி முடித்துவிட்டு, அண்ணி விழுந்தால் பிடிக்க வேண்டுமே என்று கையை நீட்டியபடி நின்றாள்.

அண்ணி விழவில்லை. மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள்.

"அப்ப இன்னும் அறிவிக்கல."

"அண்ணி..."

"பேட்ஜ் இல்லாம அறிவிப்பாங்களா? அவ்வளவு பெரிய மனுஷங்க, கேமரா முன்னாடி வெறும் சட்டையோட நிப்பாங்களா? நாம கொடுக்கலைன்னா தள்ளித்தானே வைக்கணும்? தள்ளி வச்சா, அதுவரைக்கும் தேடித்தானே ஆகணும்?"

கறுப்புத் துண்டுகளை வாரி ஒரு தலையணை உறைக்குள் திணித்தாள். பிறகு அதன் வாயைத் தைக்க ஆரம்பித்தாள். தையல் கோணவில்லை.

ஒரு முழம் துணிக்காகத் துக்கத்தைத் தள்ளி வைக்கிற கம்பெனி உலகத்தில் எங்கேயும் இல்லை என்பது கத்திரிக்குத் தெரியாதா? சந்தையில் எவன் என்ன சொன்னாலும் வெட்டிப் போடும் வாய் அது. திறந்தது. மூடிக்கொண்டது.

சாயங்காலம் தரகர் வந்து கதவைத் தட்டினார். அண்ணி கத்திரியின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள்.

"தங்கச்சி! உள்ளதானே இருக்கீங்க? ஃபேன் சத்தம் கேக்குது!"

இருவரும் மூச்சுவிடவில்லை.

"ரேட்டு பத்தலையா? சொல்லித் தொலையேன், சேர்த்துத் தரேன்." தட்டல். "சரி, இன்னும் கொஞ்சம்." மறுபடி தட்டல். "அட, ரெண்டு மடங்கும்மா! என் வாழ்நாள்ல எவனுக்கும் கொடுத்ததில்ல!"

கத்திரி நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டாள். வெளியே அவர் திட்டிக்கொண்டே படியிறங்கினார். கீழிருந்து போனில் பேசுவது கதவோடு காதை வைத்திருந்த அவளுக்கு மட்டும் கேட்டது: "தையல்கடைதானே? கறுப்புத் துணி ஏதாவது கிடக்கா? எதுவா இருந்தாலும் சரி, துண்டு துண்டா வெட்டி ஊக்கு மாட்டிக் கொடு. நீலமெல்லாம் வேணாம், யாரு பார்க்கப் போறா?"

"என்ன சொல்றான்?" என்றாள் அண்ணி.

"திட்டிட்டுப் போறான்."

"போயிட்டானா?" அண்ணியின் முகத்தில் பல நாளாகக் காணாத நிம்மதி. "இனி என்ன பண்ணுவாங்க அவங்க?"

"என்ன பண்ண முடியும்?" என்றாள் கத்திரி. "தேடத்தான் வேணும்."