கட்டத்துக்குள் இருந்த எட்டு

எர்ணாவூர் யார்டில் நாங்கள் நாலு பேர் ஒரு செட். கப்பலில் வந்த பெட்டியின் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் மூட்டைகளை லாரிக்கு மாற்றுவது வேலை. திறப்பதற்கு முன்னால் கதவில் உள்ள எண்ணை ஒருவன் உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருவன் சீட்டில் சரிபார்க்க வேண்டும். படிப்பவன் பெயர் சாவியோ. பத்தாவது வரை போனவன், பார்த்த மாத்திரத்தில் படித்துவிடுவான். சரிபார்ப்பது நான். நாற்பது வயதுக்கு மேல் கோயில் ஹாலில் எழுத்துக் கூட்டப் பழகியவன், விரல் வைத்துத்தான் படிப்பேன்.

பெட்டிக்கு ஆறு எண். பக்கத்தில் சின்னதாகக் கட்டம் போட்டு ஏழாவதாக ஒன்று இருக்கும். முதல் ஆறும் தப்பில்லாமல் ஏறியதா என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்க அது. பதினோரு வருடமாக ஏழாவது எண்ணையும் சேர்த்தே கத்திப் பழகியவன் சாவியோ.

நம் மாநிலத்தில் லாட்டரியைத் தடை செய்து இருபது வருடம் தாண்டிவிட்டது. அதனால் என்ன, கேரளா லாட்டரி போனுக்குள்ளேயே வருகிறது. விற்பவன் பெயர் லக்கி சேட்டன். முகத்தை யாரும் பார்த்ததில்லை. அந்த இடத்தில் ஒரு யானைப் படம் இருக்கும். பணம் அனுப்பினால் டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்புவான். காகிதம் எங்கே என்றால், பத்திரமாக இருக்கிறது என்பான். காலையில் முதலில் திறக்கும் பெட்டியின் எண்ணிலேயே சாவியோ அவனிடம் டிக்கெட் கேட்பான். தினமும் அந்த எண்ணும் இருக்கும். கறிக்கடையில்கூடக் கேட்ட துண்டு கிடைப்பதில்லை.

"இன்னா நம்பர் கேட்டாலும் வெச்சிகினுகீறானே, குடோன் கட்டி வெச்சிகிறானா?" என்று கேட்டேன்.

"உனுக்கு வயித்தெரிச்சல் மாமு."

போன வியாழக்கிழமை மூன்றரை மணி டீ நேரத்தில் சேட்டனிடமிருந்து சாவியோவின் போனுக்கு ரிசல்ட் தாளின் படம் வந்தது. முதல் பரிசு, அன்று காலையில் சாவியோ கத்திய பெட்டி எண். வரியை முன்னால் கட்டினால் மறுநாளே பரிசு கைக்கு வரும் என்று கீழே எழுதியிருந்தது. சாவியோ மீதி டீயைத் தரையில் ஊற்றிவிட்டு, கழுத்தில் தொங்கிய கேட் பாஸைக் கழற்றினான்.

"இன்னாடா பண்ற?"

"அண்ணாச்சி மூஞ்சில வுட்டெறிஞ்சிட்டு வரேன். போதும் மாமு."

அண்ணாச்சி என்பது எங்கள் கான்ட்ராக்டர் ஆறுமுகநயினார். அந்தப் பாஸ் போனால் பதினோரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய சாவியோவின் கூலியும் போகும். வீட்டில் அவன் பெண்டாட்டி ஜானட்டுக்கு ஏழாம் மாதம்.

"இரு, அந்தப் படத்த ஒருவாட்டி படிச்சிக்கிறேன்."

"நீ படிச்சி முடிக்கங்காட்டியும் என் புள்ள ஸ்கூலுக்கே போயிடும்," என்று போனை என் கையில் திணித்துவிட்டு ஆபீஸ் அறைக்கு நடந்தான்.

விரல் வைத்தேன். இரண்டாம் பரிசு, ஆறு எண். மூன்றாம் பரிசு, ஆறு. ஆறுதல் பரிசு, எல்லாம் ஆறு. முதல் பரிசு மட்டும் ஏழு. சட்டைக்குள் அடங்காத தொப்பை மாதிரி கடைசியில் ஒரு எட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கட்டத்துக்குள் இருந்த எட்டு. பழக்கதோஷத்தில் சாவியோ சேர்த்து அனுப்பியதை சேட்டன் அப்படியே டிக்கெட்டில் ஏற்றி, அதற்குப் பரிசும் கொடுத்துவிட்டான்.

ஓடினேன். நான் போவதற்குள் பாஸ் மேசைமேல் கிடந்தது. சொல்லக் கூடாததை எல்லாம் சொல்லி முடித்து, இடுப்பில் கை வைத்து நின்றான் சாவியோ.

"டேய், ஏழு கீதுடா. டிக்கெட்டுக்கு ஆறுதான்."

"அது போனஸ் நம்பரு. தெரியலன்னா கம்முனு இரு."

அவன் போனிலேயே சேட்டனுக்கு எழுதினேன். பத்து எண், ஒவ்வொன்றாகத் தேடித் தேடி. இந்த டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டேன். உடனே பதில்: 'உண்டு அண்ணா. கடைசி டிக்கெட். சீக்கிரம்.' பணம் அனுப்பும் முன்பே ஆசை காட்டப் படமும் வந்தது. பத்து எண்ணும் நெருக்கியடித்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தன.

"இது யார் நம்பருனு பாரு," என்றேன்.

சேட்டனுடைய போன் நம்பர்தான். படத்துக்கு மேலேயே, யானைக்குப் பக்கத்தில் இருந்தது. இந்த முறை சாவியோவும் விரல் வைத்துப் படித்தான்.

ஆறுமுகநயினார் சிரிக்கவில்லை. பாஸை எடுத்து டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"அண்ணாச்சி..." என்றான் சாவியோ.

"பதினோரு வருசம் இருந்த ஒருத்தன் இப்பதாம்டே வேலைய விட்டுட்டுப் போனான். நல்ல உழைப்பாளி, வாய்தான் கொஞ்சம் நீளம். அந்த எடம் காலியாத்தான் கெடக்கு. வேணும்னா காலைல வா. புது ஆளுக்கு என்ன கூலியோ, அதான்."

ஆக, சாவியோ எடுத்த டிக்கெட்டுக்குப் பரிசு விழவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அண்ணாச்சிக்கு விழுந்தது. வரிகூடக் கட்டாமல்.

மறுநாள் புதுப் பாஸை மாட்டிக்கொண்டு வந்தான். முதல் பெட்டியின் முன்னால் நின்று ஆறு எண்ணைப் படித்து நிறுத்தினான். நான் சீட்டில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"கட்டத்துல இன்னாடா?"

"நீயே வந்து பாத்துக்க மாமு. நான் புது ஆளு."