கறுப்புத் திரையில் ஒற்றைப் பெயர்

படம் முடிந்து பெயர்கள் வரத் தொடங்கியதும் குசகாபே இருக்கையின் நுனிக்கு நகர்ந்தார். வயது எழுபத்திரண்டு. கியோத்தோ ஸ்டூடியோவில் எடுத்த சாமுராய் படங்களில் நாற்பத்து நான்கு வருடமாக வில்லன். கொடுங்கோல் அதிகாரி, கள்ளக் கடத்தல்காரன், விஷம் வைக்கும் மந்திரி என்று எந்த வேடம் போட்டாலும் கடைசியில் கதாநாயகன் ஓதாகியின் வாளுக்குத்தான் விழுவார்.

முதல் பெயர் ஓதாகி. குசகாபே காத்திருந்தது கடைசிப் பெயருக்கு. கூட்டமாக வரும் பெயர்கள் எல்லாம் போன பிறகு கறுப்புத் திரையில் தனியாக வந்து நிற்கும் அந்தப் பெயருக்கு இந்தத் தொழிலில் மரியாதையே வேறு. அது கிடைக்காமல் படத்தை விட்டு விலகியவர்கள் உண்டு.

போன குளிர்காலத்தில் தோக்கியோவிலிருந்து ஒரு தொலைக்காட்சித் தொடர் அவரை அழைத்தது. ஏழைகளுக்கு மருந்து தரும் வைத்தியர் வேடம். வாழ்நாளில் முதல் முறையாக நல்லவன். சேதி தெரிந்த அன்றே ஓதாகி வீடு தேடி வந்து, சாக்கே மது பாட்டிலோடு கணப்பு மேசைக்கு அடியில் கால் நீட்டிவிட்டான்.

"என் கடைசிப் படம்டா. உன்னை விட்டுட்டு வேற எவனை வெட்டச் சொல்ற?"

"வைத்தியர் வேஷம்டா. ஒருத்தனையும் கொல்ல வேண்டாம்."

"உன் மூஞ்சியப் பாத்தா நோயாளி எந்திரிச்சு ஓடிருவான். இங்க பாரு, கடைசிப் பேர் உனக்குத்தான். தயாரிப்பாளர்கிட்ட சொல்லியாச்சு."

மறுநாளே குசகாபே தொடரை வேண்டாமென்றுவிட்டார்.

இப்போது அவர் பெயர் கூட்டத்தில் ஐந்தாவதாக வந்து போனது. திரை கறுத்தது. பிறகு ஒற்றையாக ஒரு பெயர்: ஓதாகி ரென். ஓதாகியின் மகன். மேடைப் பாடகன். படத்தில் அவனுக்கு நான்கே காட்சிகள்.

விளக்கு எரிந்ததும் தயாரிப்பாளர் நிஷிவாகி ஓடி வந்து குனிந்து வணங்கினார்.

"உங்க மனசு யாருக்கு சார் வரும்!"

"எதுக்குச் சொல்றீங்க?"

"கடைசிப் பேரை ரென்னுக்குக் குடுக்கச் சொன்னதே நீங்கதானாமே. நான் உங்க பேரைத்தான் போட்டு வெச்சிருந்தேன். ஓதாகி சார் சொல்லும்போதே கண் கலங்கிட்டார்."

குசகாபே எழுந்து நடந்தார். வெளியே நடைக்கூடத்தில் ஓதாகி தனியாக டையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"நான் எப்படா குடுக்கச் சொன்னேன்?"

"கத்தாத. பையனுக்கு இனிமேத்தான் வாழ்க்கை. நமக்கு என்ன, எல்லாம் முடிஞ்சாச்சு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா நீ வைத்தியனாப் போயிருப்ப."

அப்படியானால் சாக்கே பாட்டிலோடு வந்த அன்றே இவனுக்குத் தெரியும்.

"பத்திரிகைக்காரங்க இருக்காங்க," என்றான் ஓதாகி. "பெருந்தன்மையா ரெண்டு வார்த்தை சொல்லு. உனக்கும் நல்ல பேர்தானே."

வரவேற்பறையில் ஒரு பெண் நிருபர் மைக்கை நீட்டினாள். "இவ்வளவு பெரிய மரியாதையை எப்படி சார் விட்டுக் குடுத்தீங்க?"

"நான் விட்டுக் குடுக்கல," என்றார் குசகாபே. அடித்தொண்டையிலிருந்து குரல் தானாக வந்தது. "நிக்கிறானே ஓதாகி, அவன் திருடினான். நாப்பத்து நாலு வருஷம் அவன் கையால செத்தேன். ஒரு தடவைகூட இப்படி வலிக்கல."

முதலில் யாரோ சிரித்தார்கள். "அதே குரல்! அதே பார்வை!" என்றார் முன்வரிசையில் ஒருவர். நிருபர் சிரித்துக்கொண்டே குறிப்பேட்டில் எழுதினாள். நிஷிவாகிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நான் நடிக்கலம்மா," என்றார் குசகாபே. சிரிப்பு இன்னும் கூடியது.

அந்த அறையில் ஒருவனுக்கு மட்டும் அது நடிப்பில்லை என்று தெரியும். குசகாபே அவனைப் பார்த்தார். அவனும் கண்ணை விலக்காமல் பார்த்தான். கைதட்டலைத் தொடங்கி வைத்தது அவன்தான்.