வெளியே மினிமம் பத்து

முதலில் வலிப்பது பல். ஃப்ரீசருக்குள் போன நாலாவது நிமிடம் கடைவாய்ப் பல்லின் வேர்வரை ஆணி இறங்கும். பிறகு காது மடல். பதினைந்தாவது நிமிடம் விரல் நுனி. அதற்கப்புறம் வலி குறைந்துகொண்டே வரும். குறையும்போதுதான் பயப்பட வேண்டும் என்பான் கூட வேலை செய்யும் வைரவன். எனக்கு அந்த நேரம் பிடிக்கும்.

அல் கூஸில் எங்கள் கோடவுன். வெளியே ஜூலை மாதத்து நாற்பத்தேழு டிகிரி, உள்ளே மைனஸ் இருபத்தைந்து, நடுவில் ஒரு கதவு. திறந்தால் வெளிக்காற்று புகையாக மாறி உள்ளே புகும். பெட்டி ஏற்றிய ஜாக்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவன் முழங்கால்வரை மேகத்தில் நடப்பான். கூரையிலிருந்து பொடிப்பொடியாக உறைபனி உதிரும்.

கதவில் ஒரு போர்டு, அரபியில், இங்கிலீஷில், உருதுவில். உள்ளே இருபது நிமிடம். வெளியே ஓய்வு மினிமம் பத்து.

அந்தச் சொல் எங்கே திரும்பினாலும் கண்ணில் படும். பெட்டிகள் ஐரோப்பாவிலிருந்து வருபவை. இத்தாலிப் பெட்டியில் மினிமோ. போலந்துப் பட்டாணியில் மினிமம். பின்லாந்துப் பழப்பெட்டியில் மினிமி. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அதே மைனஸ் பதினெட்டு. ஒருநாள் ஸ்டாக் ஆபீஸ் நஜீஹாவிடம் கேட்டேன். மட்டக்களப்புப் பெண்.

"எல்லாம் ஒரே சொல்லுதான் அண்ணன். லத்தீன் எண்டு ஒரு பழைய பாஷை. அதுல 'ஆகச் சின்னது' எண்டு அர்த்தம். அதை வீட்டில பேசுற ஆக்கள் இப்ப ஒருத்தரும் இல்ல. சொல்லு மட்டும் நாடு நாடாத் திரியுது."

"நம்மள மாதிரி" என்றான் வைரவன். "அதுக்கு எவன் விசா அடிச்சுக் கொடுத்தான்?"

அந்த வியாழக்கிழமை ஊரில் என் மகளுக்குப் பெயர் வைத்தார்கள். பிறந்து முப்பது நாள். நான் போனில்தான் பார்த்திருந்தேன். அங்கே மதியம் மூன்றரை, இங்கே இரண்டு மணி. அப்பன் காதில் மூன்று தரம் பெயரைச் சொல்ல வேண்டும். என் மனைவி விஜி போனைக் குழந்தையின் காதில் வைப்பதாக ஏற்பாடு. இளவேனில். பெயர் நான் எடுத்தது.

லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர் ஈசா பாய் "மாஃபி" என்றார், கிடையாது என்று. இரண்டு கன்டெய்னர் வர வேண்டியிருந்தது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வுக்கு வெளியே வராமல் உள்ளேயே வேலை செய்தால் அந்தப் பத்து நிமிடம் உன் பெயரில் நிற்கும். ஆறு சேர்ந்தால் ஒரு மணி நேரம் எழுந்து போகலாம். போர்டில் அப்படி இல்லை. பெட்டி இறங்கினால் சரி என்று ஈசா பாய் கண்டும் காணாமல் இருப்பார். எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டும். சடங்கின் பாதியில் போனை வெட்டிவிட்டு ஓடும் அப்பனாக இருக்க எனக்கு இஷ்டமில்லை.

ஆனால் கன்டெய்னர் வண்டி பதினொன்றரைக்குத்தான் வந்தது. இரண்டு மணிக்குள் ஐந்து ஓய்வுதான் விழும்.

"ஒரு பத்து குறையுதேடா" என்றேன்.

"நான் ஒண்ணு தர்றேன் மாப்ள" என்றான் வைரவன். "கடன்தான். திருப்பிக் கொடுத்துரணும்."

"பிள்ளைக்குப் பேர் வைக்கிறதுக்குக் கடனா?"

"சீருன்னு கொடுத்தா மறந்துருவ. கடன்னாத்தான் ஞாபகம் வச்சிருப்ப."

முதல் ஓய்வுக்கு அவனும் வெளியே போகவில்லை. என்னோடு உள்ளேயே பெட்டி அடுக்கினான். அந்தப் பத்து என் பெயரில் விழுந்தது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அவன் வெளியே போனான், நான் போகவில்லை. மூன்றாவது முடிந்து உள்ளே வந்தவன் என் முகத்தைப் பார்த்தான்.

"உதடு நீலமா இருக்கு. போய் ஒரு டீ குடிச்சிட்டு வா."

"இன்னும் ரெண்டுதான்."

"எங்க, பேரச் சொல்லு பாப்போம்."

"இளவேனில்" என்றேன். வார்த்தை உதட்டில் ஒட்டி ஒட்டி வந்தது.

நாலாவதும் தாண்டியது. கடைசி ஓய்வுக்கு அவன் போனதும் வலி எல்லாம் நின்றுவிட்டது. பல் இல்லை, காது இல்லை, விரல் இல்லை. போலந்துப் பட்டாணியின் மேல் கொஞ்சம் சாய்ந்தேன். இதமாக இருந்தது. கூரையிலிருந்து இலவம்பஞ்சு உதிர்ந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின, தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடாத குரலில். மினிமோ, என்றது ஒன்று. மினிமி, என்றது இன்னொன்று. பேச ஆளில்லாத பாஷைக்காரர்கள் எல்லோரும் பெயர் வைக்க வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. உட்காரச் சொன்னேன்.

பிள்ளை என் உள்ளங்கையில் கிடந்தாள். ஆகச் சின்னவள். காதருகே குனிந்தேன். குனியக் குனியக் காது சிறிதாகிக்கொண்டே போனது. பட்டாணி அளவு, பிறகு கடுகு, பிறகு பனித்தூள். எதற்கும் ஒரு மினிமம் உண்டே, இதற்கு மட்டும் இல்லையா என்று நினைத்தேன். கவலையாகக்கூட இல்லை. பெயர் வாயில் வெல்லம் மாதிரி கரைந்துகொண்டிருந்தது. மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அப்போது யாரோ என் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

வெளியே டீ கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்த வைரவனுக்கு ஜாக்கி சக்கரத்தின் சத்தம் நின்றுபோனது காதில் பட்டிருக்கிறது. கையுறை காயப்போட்டிருந்தது. எடுக்கவில்லை. நான் விழுந்து கிடந்த இடத்துக்குக் குறுக்கே ஜாக்கி நின்றிருக்கிறது. ஈரக்கையால் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளியிருக்கிறான். கை ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்திருக்கிறான். உள்ளங்கைத் தோல் இரும்பிலேயே நின்றுவிட்டது. பிறகு நான் பார்த்தேன், நனைந்த காகிதம் மாதிரி வெள்ளையாக இருந்தது.

வெளியறையில் கம்பளிக்குள் கிடந்தேன். ஈசா பாய் தன் சட்டையைக் கழற்றி என் காலில் சுற்றிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். "ஜல்தி பாய், ஜல்தி!" நஜீஹா என் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அண்ணன், விடாம அடிக்குது. வீட்டில இருந்து."

சரியாக இரண்டு மணி. பச்சைப் பொத்தானை அழுத்தி என் வாயருகே பிடித்தாள்.

"ஏங்க, கேக்குதா?" விஜியின் குரல். "பிள்ள காதுல வச்சிட்டேன். சொல்லுங்க."

தாடை திறக்கவில்லை. நாக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ம்ம் என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

"சொல்லுங்க. எல்லாரும் நிக்கிறாங்க."

கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த வைரவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணை மூடித் திறந்தேன். குனிந்து போனில் சொன்னான்.

"இளவேனில். இளவேனில். இளவேனில்."

அந்தப் பக்கம் குலவை போட்டார்கள்.

"என்ன, குரலு ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் விஜி.

"ஏசி ஒத்துக்கல" என்றான் வைரவன்.

என் விரல்கள் பத்தும் பிழைத்தன. அவன் கை ஆற இரண்டு மாதம் ஆயிற்று. ஆறியும் முழுதாக விரியவில்லை. ஃப்ரீசர் வேலைக்கு ஆகாது என்று கம்பெனி அவனைக் குவைத்துக்கு மாற்றியது. மங்காஃபில் ரூம், அரிசி கோடவுனில் டூட்டி. நாங்கள் தங்கியிருந்த சோனாப்பூர் கேம்ப் வாசலில் ஏர்போர்ட் வண்டி நின்றபோது திரும்பிப் பார்த்தான்.

"மாப்ள, என் பத்து நிமிஷம்?"

"இப்பவே தர்றேன். வா, உக்காரு."

டிரைவர் "யல்லா, யல்லா" என்று ஹாரன் அடித்தான். வைரவன் சிரித்துக்கொண்டே ஏறிவிட்டான்.

இப்போது நிமிடம் சேர்க்க முடியாது. ஈசா பாயே கதவருகே விசிலோடு நிற்கிறார். இருபது ஆனதும் வெளியே வந்து போர்டுக்குக் கீழே உட்காருகிறேன். பக்கத்து ஸ்டூல் காலி. காதில் யார் பெயர் சொன்னார்கள் என்று விஜியிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வேன். ஆனால் அது வேறு கணக்கு.

வைரவனுக்கு நான் பத்து நிமிடம் தர வேண்டும்.