பிரேக் பார்க்கும் இடம்

நான்கு மணி நேரம் இருபது நிமிடமாக அப்பா ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கவில்லை. வழியில் இரண்டு இடங்களில் பேருந்து நின்றது. பயணிகள் இறங்கி கைகால் நீட்டினார்கள், தேநீர் குடித்தார்கள். அப்பாவுக்கு மட்டும் கண்டக்டர் ஜன்னல் வழியாகக் கிளாஸை நீட்டினார்.

"உங்கப்பாவ சீட்டோட சேத்துத் தச்சுட்டாங்கம்மா," என்றார் என்னிடம். "வீட்டுக்கு வரும்போது சீட்டையும் தூக்கிட்டுத்தான் வருவாரு, பாரு."

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் வேலை செய்கிறேன். விடுமுறை முடிந்து திரும்புவதற்கு அப்பாவின் பேருந்திலேயே ஏறியிருந்தேன். அவர் கால்கள் தெரிகிற இடதுபக்க முதல் இருக்கை. அவருக்கு வலது இடுப்புக்கு அடியில் மடித்த துண்டு, முழங்கை ஜன்னலில், உடம்பு முழுவதும் வலப்பக்கம் சாய்ந்து. அப்படி உட்கார்ந்தால்தான் பக்கக் கண்ணாடி சரியாகத் தெரியும் என்பார். போன முறை வந்தபோது அந்தத் துண்டை உருவிவிட்டு, இடுப்பு இரண்டும் சமமாக இருக்கட்டும், முதுகு சாய்மானத்தில் படட்டும், வண்டி நிற்கும் இடமெல்லாம் இறங்கி நாலு எட்டு நடங்கள் என்று சொல்லியிருந்தேன்.

"நடக்கறதுக்கா எனக்குச் சம்பளம் தர்றாங்க?" என்று துண்டை மறுபடி மடித்து வைத்துக்கொண்டார். இந்த முறை வந்ததும், இன்னும் கால் வலிக்கிறதா என்று கேட்டேன். "அப்ப வலிச்சுது. இப்ப சுத்தமா இல்ல," என்றார். நானும் நம்பிவிட்டேன். படித்திருந்தும், வலி எப்படிப் போனது என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்பா வெறுங்காலில்தான் ஓட்டுவார். பெடல் காலோடு பேச வேண்டும் என்பார். சின்ன வயதிலிருந்து அவர் வண்டியில் வந்திருக்கிறேன். அவர் கண் சாலையை விட்டுக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. இன்று இறங்கியது. ஒவ்வொரு முறை பிரேக் போடும் முன்பும் குனிந்து, கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். பிறகுதான் மிதித்தார்.

ஒருமுறை முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. அப்பா குனிந்தார். லாரியின் பின்பலகை முன்கண்ணாடி முழுவதும் வந்துவிட்டது. பிரேக் விழுந்து வண்டி நின்றபோது இடையில் ஒரு முழம் இருந்திருக்கலாம்.

"என்னண்ணே, லாரிக்கு முத்தம் குடுக்கப் போனியா?" என்றார் கண்டக்டர். பின்னால் சிரித்தார்கள். ஒரு குழந்தை விழித்து அழுதது. அப்பாவின் கழுத்தில் வியர்வை இறங்கியது.

அவர் காலில் ஏதோ கோளாறு என்று எழுந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. சொல்லிவிட்டால் அப்பாவுக்கு இந்த இருக்கை கிடையாது. முழங்கால் வலி என்று வாய்விட்டுச் சொன்ன அவருடைய ஓட்டுநர் நண்பர், இப்போது டிப்போவில் வண்டி கழுவுகிறார்.

மலை இறக்கம் தொடங்கும் இடத்தில் எல்லா வண்டியும் நிற்கும். ஓட்டுநர் இறங்கி, டயர்களை உதைத்துப் பார்த்து, பிரேக் பார்த்த பிறகுதான் இறக்கத்தில் விடுவார். அதற்குப் பிறகு கொண்டை ஊசி வளைவுகள்.

அப்பா இறங்கவில்லை. "நீயே ஒரு பார்வை பாத்துட்டு வாப்பா," என்றார்.

"நான் உதைச்சா டயரு மதிக்காதுண்ணே," என்று கண்டக்டர் இறங்கிப் போனார்.

நான் எழுந்து கியருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அப்பா பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது பாதத்தின் மேல், பெருவிரலை ஒட்டிய சதையில், என் நகத்தை வைத்து அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். தோலில் வெள்ளையாகப் பிறை விழுந்தது. அப்பா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான் இப்ப எங்க தொடறேன்?"

அவர் குனியப் போனார்.

"பாக்காம சொல்லுங்கப்பா."

கண்டக்டர் ஏறிக் கதவைச் சாத்தினார். "எல்லாம் பக்கா. போலாம் ரைட்."

விசில் ஒலித்தது. அப்பா கியரைத் தொடவில்லை. மறுபடி ஒலித்தது. முன்கண்ணாடிக்கு அப்பால் சாலை வளைந்து கீழே போய் மறைந்தது. அதையே பார்த்தபடி, கண்டக்டருக்கும் பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி அப்பா சொன்னார்.

"காலு எங்க இருக்குன்னே தெரியலம்மா."